ஓ.டி. கணக்கும் வங்கி மாற்றமும்: ராமநாதபுரம் கடற்கரை வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாம்பன் பக்கம் கருவாடு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் தொழில் எங்களுக்கு. கரண்ட் அக்கவுன்ட், அதன் மேல் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) என்று பல வருஷமாக வைத்து ஓட்டுகிறேன், நடுவில் ஒரு தடவை வங்கியையும் மாற்றினேன். மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என்று தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன, பாதிப் பேர் சிக்கலில் மாட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். மாட்டுவதற்கு முன்னாலேயே படிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஓ.டி.யும் கடன்தானே அண்ணே, அதில் என்ன தனியாக இருக்கிறது?

கடன்தான், அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் மிகைப்பற்று என்று எழுதுவார்கள். கணக்கில் இருப்பதற்கு மேலே, வங்கி ஒப்புக்கொண்ட லிமிட் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கடனில் மொத்தத் தொகையும் ஒரே நாளில் கைக்கு வரும், மாதாமாதம் தவணை கட்டுவோம். ஓ.டி.யில் தவணை கிடையாது, எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி. 5 லட்சம் லிமிட் இருந்தும் நீங்கள் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்றால் அந்த நாளுக்கு வட்டி இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டி 12 சதவீதம், 3 லட்சம் எடுத்திருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 98 ரூபாய் 63 பைசா. தினமும் சாயங்காலம் கணக்கில் எவ்வளவு நிற்கிறதோ அதற்குத்தான் இந்தக் கணக்கு, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே வரியாகப் பற்று எழுதுவார்கள். இதனால்தான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன், பணத்தை ராத்திரி வீட்டில் வைக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கையில் 80,000 வருகிறது, திங்கட்கிழமை போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்தால் அந்த இரண்டு ராத்திரிக்கு 52 ரூபாய் 60 பைசா போச்சு. சின்னத் தொகைதான். வாரா வாரம் செய்தால் வருஷத்துக்கு 2,700 ரூபாய்க்கு மேலே. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறது, பணம் போடும் மெஷினும் இருக்கிறது, அதனால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க அவசியமே இல்லை.

கேஷ் கிரெடிட் என்கிறார்களே, அது வேறா?

பயன்படுத்தும் விதம் ஒன்றுதான். கேஷ் கிரெடிட் உங்கள் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்துக் கொடுப்பது, அதற்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது கையில் இருக்கும் சரக்கின் கணக்கு, கொடுக்க வேண்டும். ஓ.டி. பெரும்பாலும் வீடு, நிலம், டெபாசிட் போன்றவற்றின் மேல்.

கேஷ் கிரெடிட் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்து போகிறார்கள். லிமிட் 5 லட்சம் என்று வங்கி கொடுத்த சாங்ஷன் (ஒப்புதல்) கடிதத்தில் இருக்கும், ஆனால் எடுக்க முடிவது சரக்கு எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான். கிட்டங்கியில் 6 லட்சத்துக்குக் கருவாடு இருக்கிறது, வங்கி கால் பங்கு கழிக்கிறது என்றால் நீங்கள் தொடக்கூடியது நாலரை லட்சம். சரக்குக் கொடுத்தவர்களுக்கு நீங்கள் பாக்கி வைத்திருந்தால் அதையும் கழித்துவிடுவார்கள். வாடைக் காலத்தில் மழையில் நனைந்து கெட்ட சரக்கையும் நல்ல விலை போட்டு எழுதுகிறவர்கள் உண்டு, வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்து சாக்கைப் பிரித்துப் பார்த்தால் அதோடு நம்பிக்கை போய்விடும்.

படகு வைத்திருக்கிறேன். தடைக்காலத்தில் இரண்டு மாதம் வரவே இல்லை. ஓ.டி. என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61. இன்னொரு பக்கம் ரிசர்வ் வங்கியின் விதியில் 90 நாள் என்று ஓர் எல்லை இருக்கிறது. ஓ.டி. கணக்கில் 90 நாள் தொடர்ந்து வரவே இல்லை என்றாலோ, வரவு இருந்தும் அந்த 90 நாளில் போட்ட வட்டிக்குக்கூட அது போதவில்லை என்றாலோ, லிமிட்டைத் தாண்டியே 90 நாள் தொடர்ந்து நின்றாலோ, உங்கள் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் சிபில் மார்க் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) விழும், புது வங்கியும் தொடாது, பழைய வங்கியும் புதுப்பிக்காது.

61 எங்கே, 90 எங்கே, இடைவெளி நிறைய இருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் இல்லை. மார்ச் கடைசியிலேயே பல படகுக்காரர்கள் தொழிலைக் குறைத்துவிடுகிறார்கள். தடை தொடங்கியதும் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜின் வேலை, வலை என்று செலவு மட்டும்தான், அதுவும் எல்லாம் ஓ.டி.யிலிருந்து. ஜூன் 15 கடலுக்குப் போனாலும் முதல் இரண்டு நடை மீனுக்கான பணம் மீன் வாங்கும் கம்பெனியிலிருந்து கைக்கு வர இன்னும் பத்து நாள். நடுவில் கச்சான் காற்று பலமாக அடித்து, கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை மீன்வளத் துறை கொடுக்காமல் நிறுத்தினால், அல்லது இலங்கைக் கடற்படை படகைப் பிடித்து அதற்காக இங்கே வேலைநிறுத்தம் நடந்தால், 90 நாள் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். தங்கச்சிமடத்தில் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் ஆனது, அவர் ஒரு ரூபாயும் ஏமாற்றியவரில்லை, கணக்கில் என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்வது? மாசி, பங்குனியில் நல்ல பாடு இருக்கும்போதே மூன்று மாத வட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள். 5 லட்சம் முழுவதும் எடுத்திருந்தால் 12 சதவீதத்துக்கு மாதம் 5,000, மூன்று மாதத்துக்கு 15,000. அதை வீட்டில் வைக்காமல் மனைவி பேரிலோ உங்கள் பேரிலோ உள்ள சேமிப்புக் கணக்கில் போட்டு, ஒவ்வொரு மாதமும் வட்டி பற்று விழும் நாளுக்கு முன்பு ஓ.டி. கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கணக்கு உயிரோடு இருக்கும்.

அதோடு, தடை தொடங்கும் நாளில் லிமிட்டைத் துடைத்து எடுத்துவிடக் கூடாது. 5,00,000 வரை எடுத்தாகிவிட்டது, மாதக் கடைசியில் வட்டி 5,000 விழுகிறது, இப்போது கணக்கில் 5,05,000, அதாவது லிமிட்டைத் தாண்டிவிட்டீர்கள், அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். 15,000, 20,000 எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

மார்ச்சிலேயே ஒரு கடிதமும் கொடுத்து வையுங்கள், "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அதனால் இந்த மாதங்களில் வரவு குறைவாக இருக்கும்" என்று இரண்டு வரி போதும். கடிதம் விதியை மாற்றாது. ஆனால் புதிதாக வந்த மேனேஜர் வேறு மாவட்டத்துக்காரராக இருப்பார், ஏப்ரலில் வரவு ஏன் திடீரென்று நின்றது என்று அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா.

லிமிட் எப்போதும் முழுசாகவே நிற்கிறது. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இப்போது ஓ.டி.யாக இல்லை. ஓ.டி. என்பது வாரத்துக்குள், மாதத்துக்குள் திரும்பி வரும் பணத்துக்கானது. டீசல், ஐஸ், சரக்குக் கொள்முதல், கூலி, இதெல்லாம் மீனோ கருவாடோ விற்றதும் திரும்பும். புது இன்ஜின் திரும்பாது. மகள் கல்யாணம் திரும்பாது. அந்த மாதிரிச் செலவை ஓ.டி.யில் போட்டால் அசல் குறையவே குறையாது, பத்து வருஷம் வட்டி கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கடந்த 12 மாதத்தில் உங்கள் பாக்கி எந்த நாளில் மிகக் குறைவாக இருந்தது என்று பாருங்கள். அது லிமிட்டில் பாதிக்குக்கூட இறங்கவில்லை என்றால், இறங்காத அந்தப் பகுதியைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ, தவணையில் அசலும் சேர்ந்து குறையும். மீதி லிமிட்டை ஓ.டி.யாக வைத்துக்கொள்ளலாம். தவணை என்றதும் பலர் பயப்படுகிறார்கள். வருஷம் முழுவதும் லிமிட் நிரம்பி நிற்பதற்குத்தான் நான் பயப்படுவேன்.

மீன் கம்பெனியில் முன்பணம் கொடுக்கிறார்கள், வட்டியே இல்லை. பிறகு எதற்கு ஓ.டி.?

வட்டி இல்லை என்பது காகிதத்தில். முன்பணம் வாங்கிய படகு அவர்களுக்குத்தான் மீன் போட வேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான். நண்டுக்கோ கணவாய்க்கோ கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து எடுக்கிறார்கள் என்று வையுங்கள், மாதம் 500 கிலோ போட்டால் 10,000 ரூபாய். 2 லட்சம் முன்பணத்துக்கு அது மாதம் ஐந்து வட்டி, வருஷத்துக்கு 60 சதவீதம். ஊரில் மூன்று வட்டி என்றாலே வருஷம் 36 சதவீதம், அதைக் கந்துவட்டி என்கிறோம்.

ஆனால் கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். படகு மாட்டிக்கொண்டபோது, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோது ராத்திரி 11 மணிக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்கள்தான், எந்த வங்கி அதைச் செய்யும்? உங்கள் மீனுக்கு வெளி ஏலத்தில் என்ன விலை, அவர்கள் என்ன விலை போடுகிறார்கள் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடமானம் வைக்க வீடு, நிலம் எதுவும் இல்லை. கிடைக்குமா?

கிடைக்கும், சின்ன அளவில். டெபாசிட் இருந்தால் அதன் மேலேயே ஓ.டி. வாங்கலாம், டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டியைவிடப் பொதுவாக 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதல், இருப்பதில் மலிவு இதுதான். டெபாசிட்டை உடைத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

குறு, சிறு தொழிலுக்கு 20 லட்சம் வரை (2026 ஏப்ரலுக்கு முன்பு கொடுத்த கடனுக்கு 10 லட்சம்) வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முத்ரா கடனையும் ஓ.டி. மாதிரி லிமிட்டாகக் கேட்கலாம். மீன்பிடிப்பவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு, 2018-19 முதல் மீன்வளத்துக்கும் நீட்டித்தார்கள், 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் திரும்பிவரும், ஆகக் கடைசியில் 4 சதவீதம். இதைவிட மலிவான பணம் இந்தக் கரையில் எங்கேயும் கிடையாது, ஆனால் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கும் அக்காமார் கேட்டார்கள். ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை ஓ.டி. உண்டு, அதில் 2,000 வரை பெரிய நிபந்தனை இல்லை. குழுவாக இருந்தால் குழுவின் பேரில் கேஷ் கிரெடிட் லிமிட் கேளுங்கள், அதுவும் இதே மாதிரிதான், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி.

வட்டி தவிர என்னென்னவோ பிடிக்கிறார்களே?

வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் கட்டணம், இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ், இன்ஷூரன்ஸ் பிரீமியம், செக் புத்தகம், பணம் போடுவதற்கு ஒரு சார்ஜ், இவற்றின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சில இடத்தில் லிமிட்டைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஒரு கட்டணம் போடுவார்கள், சாங்ஷன் கடிதத்தில் தேடிப் பாருங்கள்.

தாமதமானால் அபராதம் போடலாம், ஆனால் அதைக் கூடுதல் வட்டியாகப் போடக் கூடாது, அபராதத்தின் மேலே வட்டியும் ஏற்றக் கூடாது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது, 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்டேட்மென்ட்டில் அபராத வட்டி என்று இன்னமும் ஒரு வரி வந்தால் எழுத்தில் கேளுங்கள்.

வங்கியை மாற்றலாம் என்று இருக்கிறேன். மாற்றுவது நல்லதா?

முதலில் ஏன் என்று பாருங்கள். அரை சதவீத வட்டிக்காக மட்டும் என்றால், இருக்கும் வங்கியிடமே கேளுங்கள், இன்னொரு வங்கி கொடுத்த ஆஃபர் கடிதத்தைக் காட்டினால் பல நேரம் குறைத்துவிடுவார்கள். நான் மாறியதற்குக் காரணம் வட்டி இல்லை, நோட்டு.

நம் தொழிலில் வரும் நோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மீன் தண்ணீரில் ஊறி, உப்பு படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. எண்ணும் மெஷினில் வைத்தால் நாலு நோட்டுக்கு ஒரு தடவை நின்றுவிடும், கேஷியர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கட்டைத் திருப்பிக் கொடுத்து "காயவைத்துக் கொண்டுவாங்க" என்பார். நானும் பல நாள் மின்விசிறிக்கு அடியில் பேப்பர் விரித்து 200 ரூபாய் நோட்டைக் காயவைத்திருக்கிறேன். அதற்குள் மதியம் ஆகிவிடும், கவுன்டர் மூடிவிடும், ஒரு நாள் வட்டி ஏறிவிடும். இதற்கு மேல், மாதம் இவ்வளவுக்கு மேல் ரொக்கம் கட்டினால் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு சார்ஜ் வேறு, வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது வட்டிக்கு அடுத்த பெரிய செலவு அதுதான் என்று தெரிந்தது. அதனால் புது வங்கியில் நான் கேட்ட முதல் கேள்வி வட்டி பற்றியது இல்லை. "மாதம் எவ்வளவு ரொக்கம் இலவசமாகக் கட்டலாம்? அதற்கு மேல் என்ன சார்ஜ்? வேறு கிளையில் கட்டினால் என்ன?" இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

ரொக்கம் பற்றி இன்னொன்று. கரண்ட் அக்கவுன்டில் ஒரு வருஷத்தில் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் போட்டாலும் எடுத்தாலும் அந்த விவரம் வருமான வரித் துறைக்குப் போகும். கணக்கு ஒழுங்காக இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, ரசீது மட்டும் இருக்கட்டும்.

செல்போன் நம்பர் மாதிரி, கணக்கு நம்பரை வைத்துக்கொண்டே வங்கி மாற முடியுமா?

முடியாது. இங்கிலாந்தில் 2013 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது, புது வங்கியில் சொன்னால் போதும், ஏழு வேலை நாளில் பழைய கணக்கின் வரவு, பற்று எல்லாவற்றையும் அவர்களே மாற்றிக்கொடுப்பார்கள். நம் நாட்டில் அது இல்லை, எல்லாவற்றையும் நாமேதான் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒரே வங்கிக்குள் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் கிளைக்கு மாறுவதென்றால் பொதுவாக நம்பர் மாறாது, ஐ.எஃப்.எஸ்.சி. என்ற கிளைக் குறியீடு மட்டும் மாறும். கிளையில் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதுவே போதும்.

ஒரு வங்கியில் ஓ.டி. இருக்கும்போது இன்னொன்றில் கரண்ட் அக்கவுன்ட் திறக்க விடுவார்களா? முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2020இல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு கொண்டுவந்தது உண்மை. ஆனால் மொத்த வங்கிக் கடன் 5 கோடிக்குக் கீழே உள்ளவர்களுக்கு, உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் தடை இல்லை என்று 2021 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், மேனேஜரைப் பாருங்கள்.

சரி, மாறுவது என்று முடிவாகிவிட்டது. எப்போது, எப்படி?

தை மாதம் தொடங்குங்கள். புது வங்கி உங்கள் கடைசி 12 மாத ஸ்டேட்மென்ட்டைக் கேட்கும், அதில் கடைசி சில மாதம் நல்ல வரவாக இருக்க வேண்டும். தடைக்காலம் முடிந்த கையோடு ஜூன் கடைசியில் போய் விண்ணப்பித்தால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது இரண்டு மாத வெறுமைதான். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ விண்ணப்பித்து, மார்ச்சுக்குள் புது லிமிட் கையில் வந்துவிட்டால், நடமாட்டம் குறைந்த ஏப்ரல், மே மாதங்களில் பதற்றமில்லாமல் ஒவ்வொன்றாக மாற்றலாம். தொழில் சூடுபிடிக்கும்போது ஒரே கணக்குதான் இருக்கும்.

ஓ.டி.யை மாற்றுவதை டேக்ஓவர் என்பார்கள். பழைய சாங்ஷன் கடிதம், ஸ்டேட்மென்ட், வருமான வரி, ஜி.எஸ்.டி. தாக்கல், சொத்துப் பத்திர நகல், வில்லங்கம் எல்லாம் கொடுத்தால், புது வங்கி பழைய பாக்கியை நேரடியாக அங்கே கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். புது வங்கியின் சாங்ஷன் கடிதம் கைக்கு வராமல் பழைய இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். வாய் வார்த்தையை நம்பிப் பழைய லிமிட்டைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் இரண்டும் இல்லாமல் நின்றிருக்கிறார்கள்.

கணக்கு கிடைத்ததும் பழைய கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் இரண்டும் ஓடட்டும். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். புதுக் கணக்கு வந்த சந்தோஷத்தில் ஒரே மாதத்தில் பழையதை மூடினேன். சரக்கு ஏற்றும் வண்டிக்கான தவணை அந்தப் பழைய கணக்கில் தானாகப் பிடித்தமாகிக்கொண்டிருந்தது, மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருந்தேன், அது ஏறியதா என்று பார்க்கவில்லை. தவணை திரும்பியது, அதற்கு ஓர் அபராதம், அடுத்த மாதமும் திரும்பியது, இன்னோர் அபராதம். அதைவிட மோசம், உப்பு வாங்கிய இடத்தில் கொடுத்திருந்த தேதி போட்ட செக் ஒன்று என் நினைவிலேயே இல்லை. அவர் அதைப் போட்டபோது "கணக்கு மூடப்பட்டது" என்று திரும்பியது. இருபது வருஷப் பழக்கம், அவர் போன் பண்ணி, "தம்பி, நீயா இப்படி?" என்று மட்டும்தான் கேட்டார். அன்றைக்கே மண்டபத்துக்குப் போய்ப் பணத்தைக் கையில் கொடுத்தேன், ஆனால் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அவர் நல்லவர். வேறு ஒருவராக இருந்தால் 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வழக்கு, இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், இரண்டும்கூடப் போடலாம். கணக்கை மூடியதால் திரும்பிய செக்குக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் அதே 138ஆவது பிரிவுதான் என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கொடுத்த செக் ஒவ்வொன்றையும் அடிக்கட்டையைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள், ஆள் ஆளாகப் போய்ப் பழையதை வாங்கிப் புது செக் கொடுங்கள். ஒரு செக்கின் ஆயுள் தேதியிலிருந்து மூன்று மாதம், அதனால்தான் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறேன்.

செக் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 4 முதல் செக் அன்றன்றைக்கே பாஸாகிறது. முன்பு போல, "இன்றைக்குக் கொடுத்தால் நாளை மறுநாள்தான் போகும், அதற்குள் பணம் போட்டுவிடலாம்" என்ற கணக்கு இனிமேல் செல்லாது.

அப்புறம் மாற்ற வேண்டியவை: ஜி.எஸ்.டி. தளத்தில் வங்கிக் கணக்கு, வருமான வரித் தளத்தில் ரீஃபண்ட் கணக்கு, கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை, கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், பில் புத்தகத்தில் அச்சடித்த கணக்கு நம்பர். மதுரை, தூத்துக்குடி, கேரளாவில் உங்களுக்குப் பணம் அனுப்பும் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லாதீர்கள், கணக்கு மாறியது என்று வரும் மோசடிச் செய்திகள் அதிகம் என்பதால் நல்ல வியாபாரி நம்ப மாட்டார். நேரடியாகப் போன் பண்ணிப் பேசுங்கள், முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள், வந்ததும் உறுதி செய்யுங்கள்.

பழைய வங்கி, முன்கூட்டி முடித்தால் கட்டணம் என்கிறது. கட்டத்தான் வேண்டுமா?

உங்கள் லிமிட் எப்போது கொடுத்தது அல்லது புதுப்பித்தது என்று பாருங்கள். 2026 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு என்றால், மாறும் வட்டியில் தொழிலுக்காக வாங்கிய தனிநபர்களிடமும் குறு, சிறு நிறுவனங்களிடமும் வணிக வங்கிகள் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது. கிராம வங்கிகளுக்கு 50 லட்சம் வரையிலான லிமிட்டுக்கு இந்த விதி. அதற்குள் வராதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: புதுப்பிக்க விருப்பமில்லை என்று ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே கடிதம் கொடுத்து, லிமிட் முடியும் தேதியில் கணக்கை முடித்தால் கட்டணம் இல்லை. ஆகவே முதல் வேலை, உங்கள் லிமிட் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்ப்பது.

கட்டணம் இல்லாவிட்டாலும் பத்திரச் செலவு உண்டு. வீட்டுப் பத்திரம் வைத்திருந்தால் பழைய எம்.ஓ.டி.யை (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான பதிவை) சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து செய்து, புது வங்கி பேரில் மறுபடி பதிய வேண்டும், முத்திரைத்தாள் செலவு மறுபடியும். வட்டியில் மிச்சமாகும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

தடைக்கால நிவாரணம் வரும் கணக்கையும் மாற்றலாமா?

அது மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுப்பது, வீட்டுச் சேமிப்புக் கணக்குக்கு வருவது, தொழில் கணக்கோடு சேர்க்காதீர்கள். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000இலிருந்து 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். ஓ.டி. உள்ள கணக்கைக் கொடுத்தால் வந்த நிமிடமே பாக்கியில் கழிந்துவிடும், வீட்டுக்கு அரிசி வாங்க மிஞ்சாது. சேமிப்புக் கணக்கை மாற்றினால் மீன்வளத் துறை அலுவலகத்தில் உடனே சொல்லிவிடுங்கள், ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

வங்கி பதிலே சொல்லவில்லை என்றால்?

எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே அனுப்பலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448.

பழைய கணக்கில் இப்போது எதுவுமே இல்லை. அப்படியே விட்டுவிட்டால் தானாக மூடிக்கொள்ளாதா?

மூடாது. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று மாதாமாதம் சார்ஜ் ஏறிக்கொண்டே போகும், ஒரு நாள் அதைக் கேட்டு நோட்டீஸ் வரும். நேரில் போய் மூடும் விண்ணப்பம் கொடுங்கள், மிச்சச் செக் இலைகளைக் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள், பாக்கி இல்லை என்ற கடிதத்தையும், மூடிய நாள் வரைக்குமான ஸ்டேட்மென்ட்டையும் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, அந்த ஓ.டி.க்கு நேரே மூடப்பட்டது என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தக் கடிதத்தோடு மறுபடி கிளைக்குப் போங்கள். என் கடிதத்தை நான் பத்திரத்தோடு சேர்த்து, உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.